விசர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கையில் ஓர் அந்தியேட்டி வீடு. காலை எட்டரை இருக்கும், ஆம்பிளையள் நாங்கள் முற்றத்தில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். வாசலால் ஒரு பெடியன் சைக்கிளில் போனான். விடியப்புறம் திருக்கோணமலை டச்சுபேயில் நீந்தி, அப்படியே நிலாவெளிக்கு உழக்கித் திரும்பி வருகிறவன். உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டு இனி ஓடப்போவான். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், கத்தியை நிறுத்திச் சொன்னார்: "உவனுக்கு விசர். உயர்தரம் எடுக்கப்போற பெடியன் செய்யிற வேலையோ உது?"

எட்டுப் பேர் சிரித்தார்கள். அவனுடைய தாய் குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவலை நிறுத்தாமலே தலையைக் குனிந்துகொண்டா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் ஒரு மாதிரிப் பெடியன்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒற்றைக்காலில் நிற்பான். கஞ்சியைப் போத்தலில் கொண்டு திரிவான். கலியாண வீட்டில் பலகாரம் வேண்டாம் என்று இலையை மூடுவான். இதெல்லாம் மூளை பிசகியதன் அடையாளம் என்று ஊர் முடிவுகட்டியிருக்கிறது. மூளை உள்ளவன் உடம்பை வருத்தமாட்டானாம், உடம்பை வருத்துகிறவனுக்குப் படிப்பு ஏறாதாம்.

அப்படியானால் ஆழிக்குமரன் ஆனந்தன் யார்? வல்வெட்டித்துறைக்காரன். சட்டத்தரணி. திருப்பிச் சொல்கிறேன், சட்டத்தரணி. 1971இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் இந்தியாவுக்கும் அங்கிருந்து திரும்ப இலங்கைக்குமாக 51 மணித்தியாலம் நீந்தியவர். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் உழக்கினார். ஏறக்குறைய எட்டு நாள், 1,487 மைல். ஊர் சிரிக்கிற அந்த ஒற்றைக்கால் நிற்பு இருக்கிறதே, அதையும் ஆனந்தன் 33 மணித்தியாலம் நின்று காட்டினார். கின்னஸ் புத்தகத்தில் அவருடைய பெயர் ஏறியது இப்படித்தான்.

அவர் உயிரோடு இருந்தபோது அவரையும் விசரன் என்று சொன்ன வாய்கள் இருந்தன. சின்ன வயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில், 41 வயதில், அவர் உயிர் போனது. அதற்குப் பிறகு அதே வாய்கள் 'எங்கட ஆழிக்குமரன்' என்றன. தன் பிள்ளையை விசரன் என்கிற ஊருக்குச் செத்த வீரனைச் சொந்தம் கொண்டாட உரிமை கிடையாது.

அவருக்கும் முன்னால், 1954இல், தொண்டைமானாற்று நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் கரையேறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான். இது எங்கள் கடல், எங்கள் பழக்கம். ஆனால் எங்கள் பிள்ளை நீந்தினால் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டான் என்கிறார்கள்.

அந்தப் பெடியன் காலையில் செய்கிற நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் தொடர்கிற முப்போட்டி 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒன்றரைக் கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் உழக்கி, 10 கிலோமீற்றர் ஓட வேண்டும். 1978இல் ஹவாய்த் தீவில் இதன் நெடும்போட்டியைத் தொடக்கிவைத்தவர் ஜோன் கொலின்ஸ், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு ஒரு முழு மரதன். முதல் வருடம் இறங்கினவர்கள் பதினைந்து பேர், முடித்தவர்கள் பன்னிரண்டு பேர், வென்ற கோர்டன் ஹாலர் டாக்சி ஓட்டியவர். அந்தப் பதினைந்து பேரையும் அவர்களுடைய ஊர் விசரர் என்றுதான் சொல்லியிருக்கும். இன்று உலகம் முழுக்க அதுவே தொழில். அந்த முதல் போட்டிக்கு அடுத்த வருடம் ஆனந்தன் உழக்கிய தூரம் அந்த ஹவாய்ச் சைக்கிள் தூரத்தின் பதின்மூன்று மடங்கு. நாங்கள் அதை வைத்து என்ன கட்டினோம்?

கடற்படை என்றதும் இன்னொன்று. திருக்கோணமலையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. துறைமுகத்துக்குள் சீருடைக்காரப் பெடியள் விடிய விடிய ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள். அவர்களை ஒருவரும் விசரர் என்பதில்லை, அது பயிற்சி. 2021இல் ஆனந்தனின் 51 மணி நேரத்தை முறியடித்து, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பிய ரொஷான் அபேசுந்தர விமானப்படைக்காரர். 28 மணி 19 நிமிடத்தில் முடித்தார், அவருக்கு என் வணக்கம். அவருக்குப் பின்னால் ஒரு படையே நின்றது. எங்கள் ஒழுங்கைப் பெடியனுக்குப் பின்னால் நிற்பது தேங்காய் துருவுகிற ஒரு தாய்.

உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைச் சுற்றி வீடு கட்டி வாழ்கிறோம். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். கடலுக்குப் போனால் கறுத்துப்போவாய் என்று பெண் பிள்ளைகளை மறிக்கிறோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன குஞ்சுகள் களப்புத் தண்ணீரில் செத்தார்கள். அங்கே பாலத்தை அப்போது கட்டி முடிக்காதது முதல் குற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் குற்றம். அந்தக் குற்றம் எங்கள் வீடுகளுடையது. ரியூசன் கொப்பி மிதக்க உதவாது.

அண்ணர் என்னிடம் கேட்டார்: "சோறு போடுமோ உது?" ஆனந்தனுக்குச் சோறு போட்டது சட்டம். சட்டப் புத்தகத்தைத் திறந்த அதே கைதான் கடலை வலித்தது. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. எட்டு நாள் சைக்கிளில் இருந்தவனுக்கு வழக்குக் கட்டைக் கண்டு அலுப்பு வந்திருக்குமா? அந்தப் பெடியன் நாலரைக்கு எழும்புகிறான், அலாரம் வைத்து இல்லை, பழக்கத்தில். சொந்தப் பிள்ளையை ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கும் பயம். அவன் தனியாக இறங்குகிறான். பாக்கு நீரிணையை நீந்தினவர்களோடு வள்ளம் போனது. இவனுக்கு வள்ளம் இல்லை, கரையில் ஒரு ஆளும் இல்லை. இன்னும் சில கிழமையில் வாடை தொடங்கிவிடும், பிறகு தை கழியும்வரை கடல் அவனை உள்ளே விடாது. வாடை தொடங்கும்வரை ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு அவன் டச்சுபேயில் இருப்பான். அண்ணர், நீங்களும் அந்த நேரத்தில் நடக்கப் போகிறவர்தானே. அவன் கரையேறும்வரை அவனுடைய துவாயைப் பிடித்துக்கொண்டு அந்த மணலில் நில்லுங்கள்.