ரோஷம் என்று நாம் பெயர் சூட்டிய கோபம்



சென்ற மாதம் மாலை மத்ரஸா முடிந்து மைதானத்துக்குப் பந்தாடச் சென்ற மாணவர்களுள் பதின்மூன்று வயதுடைய ஒருவன், இன்னொருவனின் நெஞ்சில் தலையால் முட்டிக் கீழே தள்ளிவிட்டான். விழுந்த பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். அழைத்து விசாரித்தோம். "ஜிடேன் அப்படித்தானே ஹஜ்ரத் முட்டினாரு" என்றான். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்த ஒன்றைக் கைபேசியில் சில விநாடிக் காட்சியாகக் கண்டு மனத்தில் பதித்திருக்கிறான். மறுநாள் அவனுடைய வாப்பா வந்தார். "அந்தப் பையன் இவனோட உம்மாவப் பேசியிருக்கான் ஹஜ்ரத். ரோஷமுள்ள புள்ள, வேற என்ன செய்வான்?" என்றார். அவர் குரலில் வருத்தம் குறைவாகவும் பெருமிதம் மிகுதியாகவும் இருந்தது.

அந்தப் பெருமிதத்தின் மீதுதான் நமக்கு வழக்கு. அச்சிறுவன் சாட்சிக்கு அழைத்த மனிதரின் வாழ்க்கையை முழுமையாக எடுத்து வைத்தே அவ்வழக்கைப் பேச விரும்புகிறோம். ஏனெனில் நம் வீடுகளில் அவ்வாழ்க்கையின் கடைசி பத்து நிமிடங்கள் மட்டுமே, அதுவும் தவறாக, சொல்லப்பட்டு வருகின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் ஜினடின் ஜிடேன் என்று உச்சரிக்கும் பெயர், நம் வீடுகளில் வழங்கும் ஸைனுத்தீன் என்ற பெயர்தான். அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியிலிருந்து 1953இல் பிழைப்புத் தேடி பிரான்ஸ் சென்றவர் அவருடைய தந்தை இஸ்மாயீல். கட்டடத் தொழிலாளியாகவும், பின்னர் கடையொன்றின் இரவுக் காவலராகவும் உழைத்தார். மார்செய் நகரின் லா கஸ்தெலான் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து பிள்ளைகளுள் கடைக்குட்டியாக 1972 ஜூன் 23 அன்று பிறந்தார் ஜிடேன். வளைகுடாவில் இரவுக் காவல் பார்த்து மக்களைப் படிக்க வைத்த வாப்பாமார்கள் நம்மிடையே எத்தனையோ பேர் உள்ளனர். ஆகவே இந்தக் குடும்பத்தை நாம் அந்நியமாகக் கருதவில்லை.

பந்தாட்டமே வீண் விளையாட்டு, அதைப் பற்றி ஆலிம்கள் எழுதலாமா என்று கேட்போரும் உண்டு. தொழுகையை மறக்கடிக்காத, பந்தயப் பணம் கலவாத, உடலுக்கு உரம் தரும் விளையாட்டை நாம் வெறுத்ததில்லை. ஜிடேனின் ஆட்டத்தை ரசித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. 2002 மே மாதம் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், வானத்திலிருந்து இறங்கிய பந்தைத் தரையில் விழவிடாமல், தம் பலவீனமான கால் என்று கருதப்படும் இடக்காலால் சுழன்று அடித்து ரியல் மாட்ரிட் அணிக்கு வெற்றி தேடித் தந்தார். அந்த உடற்கட்டுப்பாட்டைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். கால் விரல் நுனிவரை தம் வசத்தில் வைத்திருந்த அந்த மனிதரால் நாவின் ஒரு சொல்லைத் தாங்க இயலாமற்போனதுதான் இங்கே பேச வேண்டிய செய்தி.

"ஒரே ஒரு கணம் தவறிவிட்டார்" என்று சொல்கிறார்கள். அது உண்மையன்று.

பதினான்கு வயதில் கான் நகரக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோதே, தம் குடியிருப்பை இழிவாகப் பேசிய எதிரணிச் சிறுவனைக் குத்திவிட்டு, தண்டனையாகத் துப்புரவுப் பணி செய்தே முதல் சில வாரங்களைக் கழித்தவர் அவர். அவரைக் கண்டெடுத்த ழான் வரோ என்னும் பயிற்றுநர், சினத்தை ஆட்டத்தின் பக்கம் திருப்பும்படி அறிவுரை கூறினார். 1998இல் தம் சொந்த நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பையின் இரண்டாவது ஆட்டத்தில் எதிராளி ஒருவரைக் காலணியால் மிதித்தார். சிவப்பு அட்டை பெற்று இரண்டு ஆட்டங்களை இழந்தார். அவற்றுள் ஒன்றான பராகுவே ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் லோரான் பிளாங்க் கோல் அடித்திராவிட்டால் பிரான்ஸின் கதை என்னவாகியிருக்குமோ! 2000ஆம் ஆண்டு அக்டோபரில், யுவெண்டஸ் அணிக்காக ஆடும்போது ஹாம்பர்க் வீரர் ஒருவரைத் தலையால் முட்டி ஐந்து ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். அவ்வாண்டு அவருடைய அணி முதல் சுற்றுக் குழுவிலேயே வெளியேறியது. ஆட்ட வாழ்வில் அவர் கண்ட சிவப்பு அட்டைகள் மொத்தம் 14 என்பர். பதினான்கு முறை வந்ததை ஒரு கணம் என்று எப்படிச் சொல்வது?

ஈமானிய ரோஷத்தால் முட்டினார் என்று மார்தட்டும் நம் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. 1998இல் அவர் மிதித்தது யாரை? சவூதி அரேபியாவின் ஃபுஆத் அன்வரை. ஒரு முஸ்லிம் நாட்டின் சட்டையை அணிந்து நின்ற மனிதரை மிதித்ததும் ஈமானிய ரோஷத்தின் கணக்கில்தான் வருமா?

இனி, 2006 ஜூலை 9. பெர்லின் நகர். ஓய்வு பெற்றிருந்தவர் திரும்பி வந்து, 34ஆம் வயதில் அணித் தலைவராக நின்ற கடைசி ஆட்டம். ஏழாம் நிமிடத்தில் பெனால்டி உதையைப் பதற்றம் சிறிதுமின்றி மெதுவாகத் தூக்கிவிட்டார். பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்குள் இறங்கியது. இத்தாலியின் மார்கோ மாட்டராஸி 19ஆம் நிமிடத்தில் கோலைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 104ஆம் நிமிடத்தில், உயரே எழும்பி நெற்றியால் ஜிடேன் செலுத்திய பந்தை இத்தாலியின் பஃபோன் விரல் நுனியால் தட்டிவிட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இரண்டு கோல்களைத் தந்து கோப்பையை வென்று கொடுத்த அதே நெற்றி. அடுத்த ஆறு நிமிடங்களில் அந்த நெற்றிதான் மாட்டராஸியின் மார்பில் மோதியது. நடுவர் எலிஸோண்டோ சிவப்பு அட்டையைக் காட்டினார். வைக்கப்பட்டிருந்த கோப்பையைத் தாண்டித் தலைகுனிந்து சென்றார் ஜிடேன். பின்னர் நடந்த பெனால்டி உதைகளில் அவர் இல்லை. அவருடைய தோழர் த்ரெஸகே அடித்தது மேல்கம்பத்தில் பட்டு வெளியேறியது. இத்தாலி 5-3 என வென்றது. மாட்டராஸிக்கு நெஞ்சு சில நிமிடம் வலித்திருக்கலாம். அந்த முட்டலால் அடி வாங்கியவர்கள், பத்து பேராய் நின்று ஆடிய சொந்த அணியினரே.

அந்த இத்தாலியர் என்ன சொன்னார்? இந்த இடத்தில் நம் சமுதாயம் செய்த பிழை ஒன்று உள்ளது. அதில் நமக்கும் பங்குண்டு.

ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே, ஜிடேனைப் பயங்கரவாதி என்று இழிவுபடுத்தும் சொல் கூறப்பட்டதாகப் பிரிட்டிஷ் நாளேடுகள் சில, உதட்டசைவைப் படிப்போரின் பேச்சை நம்பி எழுதின. நம் ஊர்களில் அது தீயாய்ப் பரவியது. 'முஸ்லிம் என்பதால் ஏசினார்கள். சிங்கம் பாய்ந்தது' என்றே பேசப்பட்டது. அப்போது பட்டயப் படிப்பை முடித்து ஆசிரியப் பணிக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த நாமும், அதை வகுப்பறையில் மாணவர்களிடம் உணர்ச்சி பொங்கச் சொன்னோம். பிள்ளைகள் தக்பீர் முழங்கினார்கள். நமக்கு அது பிடித்திருந்தது, உண்மையை மறைப்பதற்கில்லை.

பின்னர் மாட்டராஸி அந்நாளேடுகள் மீது வழக்குத் தொடுத்தார். 2008லும் அதனையடுத்தும் அவை அச்செய்தி பொய்யென ஒப்புக்கொண்டு இழப்பீடு வழங்கின. அவர் சொன்னது ஜிடேனின் சகோதரியைப் பற்றிய அருவருப்பான சொல் என்று அவரே ஒப்புக்கொண்டார். மார்க்கத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அவர் பேசியதாக எந்த நிரூபணமும் இல்லை. செய்தி கொண்டுவரப்பட்டால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பவர்கள் நாம்தாம். அந்தப் பாடத்தை நடத்திய வாயாலேயே விசாரியாத செய்தியைப் பரப்பினோம். அது பொய்யென்று தெரிந்த பிறகும் திருத்திச் சொல்லவில்லை. அன்று கேட்ட மாணவர்களுள் சிலர் இன்று தந்தையர்; அந்தக் கதை அவர்கள் வழியாக அடுத்த தலைமுறைக்கும் இறங்கிவிட்டது. முட்டிய அச்சிறுவனின் வாப்பா அவர்களுள் ஒருவர் அல்லர் என்றாலும், அவர் சொன்ன கதை நாம் சொன்ன அதே கதைதான்.

மாட்டராஸியை நாம் விடுவிக்கவில்லை. பிறருடைய பெற்றோரை ஏசுபவன் தன் பெற்றோரையே ஏசியவனாகிறான், அது பெரும் பாவங்களுள் ஒன்று என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். உம்மாவையும் ராத்தாவையும் இழுத்துப் பேசுவது நம் பிள்ளைகளிடையே மைதானத்து மொழியாகவே ஆகிவிட்டது. அந்த வாய்க்குத் தனி விசாரணை வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பும் மாட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் அபராதமும் விதித்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை. ஓய்வு பெற்றுவிட்டதால் அதற்கு ஈடாகச் சிறுவர்களுடன் மூன்று நாள் சமூகப் பணி. கான் நகரில் சிறுவனாகத் துடைப்பம் பிடித்ததுபோல், முப்பத்து நான்கிலும் தண்டனைப் பணி!

ஏசியவன் குற்றவாளி என்பதால் முட்டியவன் நிரபராதி ஆகிவிடமாட்டான். தொலைக்காட்சியில் தோன்றிய ஜிடேன், பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார்; அது மதிக்கத்தக்கது. ஆனால் செய்ததற்காக வருந்தவில்லை என்றார். வருந்தினால் ஏசியவன் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தைத்தான் நம் வீடுகள் அப்படியே விழுங்கியுள்ளன. நம் செயலுக்கு நாம் வருந்துவது எதிராளிக்கு வழங்கும் நற்சான்றிதழ் அன்று. அவரவர் ஏடு அவரவர் கையில். ஜிடேன் தம்மை மார்க்க வழிபாடுகளைக் கடைப்பிடிக்காத முஸ்லிம் என்று கூறிக்கொண்டவர். அவருடைய உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்? அவரை மார்க்கத்தின் சிங்கமாக்கிய நம் நாவுகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அபூபக்கர் (ரலி) அவர்களை ஒருவன் ஏசிக்கொண்டே இருந்தான். அவர்கள் பொறுமை காத்தவரை நபி (ஸல்) அவர்கள் அருகில் அமர்ந்திருந்தார்கள்; பொறுக்க முடியாமல் பதில் சொன்னபோது எழுந்துவிட்டார்கள். நீர் மௌனமாக இருந்தவரை வானவர் ஒருவர் உமக்காகப் பதிலளித்துக்கொண்டிருந்தார் என்ற கருத்தில் விளக்கமும் தந்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. அபூபக்கர் (ரலி) அவர்கள் கைகூட ஓங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அநீதி இழைக்கப்பட்டவன் அளவு மீறாமல் பதில் சொல்ல மார்க்கத்தில் இடமுண்டு. முறையிட நடுவர் உண்டு, ஹஜ்ரத் உண்டு, ஜமாஅத் உண்டு. மணிக்கட்டை உடைப்பது எந்த அளவுக்குள் அடங்கும்?

'அடிக்காவிட்டால் கோழை என்பார்களே' என்று தந்தையர் கேட்கின்றனர். மகன் பாத்திரத்தை எறிந்தால் 'அவன் ரோஷக்காரன், பார்த்துப் பேசுங்க' என்று வீட்டாரை எச்சரிக்கிறோம். அதே வீட்டில் மகள் குரலை உயர்த்தினால் 'அடக்கமில்லாதவள்' என்கிறோம். கோபம் ஒன்றுதான், ஆணுக்கு அது பட்டமாகிறது, பெண்ணுக்குப் பழியாகிறது. அப்படி வளர்ந்த பட்டதாரிகள் திருமணத்துக்குப் பின் மனைவியிடமும் அதே ரோஷத்தைக் காட்டும்போது, பஞ்சாயத்துக்கு வந்து நிற்பவர்களும் இதே தந்தையர்தாம். இத்தகைய பஞ்சாயத்துகளில் நாம் அமர்ந்திருக்கிறோம்.

அந்த முட்டலை அல்ஜீரிய வம்சாவளிக் கலைஞர் அதெல் அப்தஸ்ஸமத் ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாக வடித்தார். 2013இல் அது தோஹா கடற்கரைச் சாலையில் நிறுவப்பட்டு, மக்களின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே அகற்றப்பட்டது. 2022இல் அங்குள்ள விளையாட்டு அருங்காட்சியகத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. உருவச் சிலை கூடாது என்று அன்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நமக்கும் உடன்பாடே. ஆனால் வெண்கலத்தை அகற்றுவது எளிது. நம் கைபேசிகளில் வீரமென்று தலைப்பிட்டுச் சுற்றும் அதே காட்சியை எவரும் அகற்றவில்லை.

பின்னாளில் ரியல் மாட்ரிட்டின் பயிற்றுநராக 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்தவரும் இதே ஜிடேன்தான். நட்சத்திர வீரர்கள் நிறைந்த அணியை அமைதியாக நடத்தியவர் என்றே உலகம் அவரைப் பேசியது. அந்தக் காட்சிகளை நம் பிள்ளைகளுக்கு எவரும் அனுப்புவதில்லை.

கடந்த வாரம் மாணவர்களை அமர வைத்து, 2006இல் நாம் சொன்னது பொய்ச் செய்தி என்பதைக் கூறினோம். ஒருவன் எழுந்து, "அப்ப நீங்களும் விசாரிக்காம சொன்னீங்களா ஹஜ்ரத்?" என்றான். ஆம் என்றோம். முட்டிய பிள்ளை தலை நிமிரவில்லை. விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு அவனுடன் வரும்படி அவனுடைய வாப்பாவிடம் கேட்டுள்ளோம். உம்மாவைப் பேசியவன் முதலில் வரட்டும் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மீண்டும் அவரைச் சென்று பார்க்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.