சிம்மை கழற்றாதீங்க!

சிங்கப்பூர் போகிறவர் என்ன செய்கிறார்? பாஸ்போர்ட்டை பத்து முறை தொட்டுப் பார்க்கிறார். ஊறுகாய் பாட்டில் ஒழுகுதா என்று பார்க்கிறார். பேங்க் கார்டை மட்டும் மறந்து விடுகிறார்!

நம்மூரில் ஆன்லைனில் பொருள் வாங்கினால் ஓ.டி.பி. வரும். அந்த தைரியம் நமக்கு. வெளிநாட்டு கடைகள் பலவற்றில் அது கேட்பதில்லை. கார்டு நம்பர், தேதி, பின்னால் உள்ள 3 இலக்கம் போதும். பணம் போயே போச்சு!

இதற்கு 2020-ல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறக்கலாம், மூடலாம். உச்சவரம்பும் வைக்கலாம். பேங்க் ஆப்பில் இரண்டு நிமிஷ வேலை. போகும்போது திறப்பவர்கள், திரும்பி வந்து மூடுகிறார்களா?

இன்னொரு கூத்து. அங்கே இறங்கியதும் நம்ம சிம்மை கழற்றி பெட்டியில் போட்டு விடுகிறார்கள். 'பணம் எடுக்கப்பட்டது' என்று வரும் எஸ்.எம்.எஸ்.சை பெட்டியா படிக்கும்?

2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. நம் மீதும் பேங்க் மீதும் தப்பில்லாமல் எவனோ திருடினால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் பேங்கில் சொன்னால் நஷ்டம் நமக்கில்லை. ஓ.டி.பி.யை நாமே உளறியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் நம்ம தலையில்தான்.

புகார் சொல்ல நம்பர்? கார்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது. கார்டே தொலைந்தால்? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.