பழைய 'கேம்' சி.டி. வாங்குவது திருட்டா?

சென்னை மவுண்ட் ரோடு பக்கத்தில் இருக்கும் ரிச்சி தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு நுழைந்தால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கம்ப்யூட்டர் சாமான், ஒயர், சார்ஜர் என்று குவித்திருக்கும் கடைகளுக்கு நடுவே வீடியோ கேம் கடைகளும் உண்டு. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரே விளையாட்டு இரண்டு விலையில் இருக்கும். ஒன்று உறை பிரிக்காதது. இன்னொன்று யாரோ விளையாடி முடித்துவிட்டுக் கொடுத்தது. (அது ப்ளூ-ரே தட்டுதான். ஆனால் கடைத்தெருவில் வட்டமாகப் பளபளத்தால் அதற்குப் பெயர் சி.டி.!)

பையன் பழசைக் காட்டுவான். அப்பாவுக்கும் அதுதான் சம்மதம். பக்கத்தில் நிற்கும் காலேஜ் மாணவர் சும்மா இருப்பாரா?

"பழசு வாங்கினா கேம் செஞ்சவனுக்கு ஒரு பைசா போகாது தம்பி. திருட்டு சி.டி. வாங்குறதும் இதுவும் ஒண்ணுதான்" என்று ஒரு போடு போடுவார்.

ஒண்ணா? ஒண்ணே இல்லை!

திருட்டு சி.டி. என்றால் ஒன்றை வைத்து நூறு பிரதி போடுவது. காசு கொடுத்தவன் ஒருவன், விளையாடுகிறவர் நூறு பேர். செகண்ட் ஹாண்ட் அப்படியா? இருப்பது ஒரே சி.டி. அதற்குரிய விலை கம்பெனிக்கு முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. விற்றவன் வீட்டில் அந்த விளையாட்டு இனி ஓடாது. பிளே ஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் விளையாட்டைப் பெட்டிக்குள் ஏற்றிய பிறகும் சி.டி. உள்ளே இருந்தால்தான் ஓடும். கை மாறியதே தவிரப் பெருகவில்லை.

விலையையும் பார்க்க வேண்டும். பிளே ஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். சோனியின் பெரிய புது விளையாட்டுகளுக்கு அப்போது போட்ட விலை 4,999 ரூபாய். சம்பளக்காரர் வீட்டில் அது ஒரு மாத மளிகை! அந்தப் பையன் புதுசு வாங்குகிறான் என்றால், முடித்துவிட்டுப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்ற தைரியத்தில்தான் வாங்குகிறான். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்த புதுசை வாங்குகிறான். பழசுக்குக் கிராக்கி இல்லாவிட்டால் புதுசும் அந்த வேகத்தில் போகாது. கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கை மட்டும் வாய் திறந்து சொல்வதே இல்லை.

கோர்ட்டுக்குப் போன கதை

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், "இந்த நாவலை 1 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது" என்று புத்தகத்திலேயே அச்சடித்தது. நியூயார்க்கின் பிரபல மேசி கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. "ஒரு தடவை விற்றாகிவிட்டது, அதன் பிறகு என்ன விலைக்கு விற்பது என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை" என்ற ரீதியில் 1908-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்குத் தோல்வி!

வீடியோ கேமின் தாய்வீடான ஜப்பானிலும் இதே கதைதான். பழைய கேம் விற்கும் கடைகள் மீது கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து ஆளானவர்கள் எத்தனை பேர்! அவர்களை யாராவது திருடன் என்றார்களா?

கோர்ட்டில் முடியாததைக் கம்பெனிகள் வேறு வழியில் செய்து பார்த்தன. 2010-ல் 'ஆன்லைன் பாஸ்' என்று ஒன்று வந்தது. உறைக்குள் ஒரு ரகசிய எண் இருக்கும். அதை முதலில் வாங்கியவர் பயன்படுத்திவிடுவார். பழசு வாங்கியவர் இன்டர்நெட்டில் விளையாட வேண்டுமானால் தனியாக 10 டாலர் எடுத்து வைக்க வேண்டும்! ஜனங்கள் கரித்துக் கொட்டினார்கள். 2013-ல் அது கைவிடப்பட்டது.

அதே 2013-ல் மைக்ரோசாப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் ஆஜர் கொடுக்க வேண்டுமாம். விளையாட்டை விற்பதற்கும் நண்பனுக்குக் கொடுப்பதற்கும் கெடுபிடிகளாம். போட்டிக் கம்பெனியான சோனி விடுமா? 'எங்கள் கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி?' என்று ஒரு குட்டிப் படம் வெளியிட்டது. ஒருவர் சி.டி.யை நீட்டுகிறார். இன்னொருவர் "தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொள்கிறார். படம் முடிந்தது! ஊரே சிரித்தது. ஜூன் 19-ந் தேதி மைக்ரோசாப்ட் பின்வாங்கியது.

ஏமாறவும் கூடாது

அதற்காகப் பழசு என்றாலே லாபம் என்று பாயவும் கூடாது. புதுசுக்கும் பழசுக்கும் முந்நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் புதுசை வாங்குகிறவனே புத்திசாலி. சி.டி.யை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று தெரிந்த பிறகே காசை எண்ண வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ராப்பகலாக உழைத்துச் செய்த சின்ன விளையாட்டு என்றால் புதுசாகவே வாங்கிக் கொடுக்கலாம். அந்தக் காலேஜ் மாணவர் சொன்னதில் நியாயம் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

பழசா புதுசா என்று இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, விற்பதற்கே ஒன்றும் இல்லாமல் செய்யும் வேலை அந்தப் பக்கம் நடக்கிறது. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டின் பிளே ஸ்டேஷன் 5 சி.டி.யில் இருந்தது சுமார் 70 எம்.பி. மட்டும். மீதியை இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்த பிளே ஸ்டேஷன் 5 புரோவில் சி.டி. போடும் இடமே கிடையாது. வேண்டுமானால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்! 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான சில விளையாட்டுகளின் அட்டையில் விளையாட்டே இல்லை. அது வெறும் சாவி.

'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ந் தேதியோடு அதன் சர்வரை மூடினார்கள். சி.டி. வைத்திருந்தவர்களுக்கும் நாமம்! புதுசாக முழு விலை கொடுத்தவருக்கும் அதே கதி, பழசாகப் பாதி விலை கொடுத்தவருக்கும் அதே கதி. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இன்டர்நெட்டில் விற்கும் விளையாட்டு சொந்தமாகக் கிடைப்பதல்ல, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்றால் கடைக்காரர் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

ரிச்சி தெருவில் பில் போடுமுன் கேட்டுப் பார்க்கட்டும் அந்த அப்பா: "இதுக்குள்ள கேம் முழுசா இருக்கா? பையன் முடிச்சதும் திருப்பி எடுத்துப்பீங்களா?"