எதிரில் ஆள் உட்கார்ந்தாரா?

சிட்னியில் நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடம் நடத்தும் ஆர்ச்சிபால்ட் பரிசுக் கண்காட்சிக்குப் போகும் ஓவியர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைவது நல்லது. வரையப்படுபவர் ஓவியர் முன் ஒரு தடவையாவது நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1921 முதல் நடக்கும் போட்டி இது. பரிசு இன்று ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1975இல் திரைப்பட இயக்குநர் டிம் பர்ஸ்டாலை வரைந்து ஜான் புளூம்ஃபீல்டு வென்றார். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த படம் என்று தெரியவந்ததும் பரிசைப் பிடுங்கி கெவின் கானருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விதி இருந்தும் கூடத்தில் போட்டோ வாடை இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, போனில் நாலு படம் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பினாலும் கணக்கு சரியாகிவிடுகிறதே! நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முகத்தை விடுங்கள், காதைப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் போனை வைத்து எடுத்தால் மூக்கு புடைக்கும், காது பின்னுக்குப் போய்ச் சுருங்கும். அடுத்து தாடைக்கு அடியில் விழும் நிழல். நேரில் பார்த்தால் சட்டையின் நிறம் அங்கே ஏறியிருக்கும். நிழலுக்குள்ளேயே குளிர்ச்சியும் வெதுவெதுப்பும் பிரியும். போட்டோவில் அது வெறும் கறுப்பு. பெரிய கேன்வாஸ் ஒன்றில் இமை மயிர்களை எண்ணிவிடலாம், ஆனால் கழுத்து தோளில் எங்கே சேர்கிறது என்று ஓவியருக்கே தெரியவில்லை. கூட்டம் என்னவோ அதன் முன்தான்.

அதே பரிசின் 1943ஆம் ஆண்டுக் கதை நேர் எதிரானது. வில்லியம் டோபெல் தன் சக ஓவியர் ஜோஷுவா ஸ்மித்தை நீண்ட கழுத்தும் ஒடிசலான கைகளுமாக வரைந்தார். இது உருவப்படமே அல்ல, கேலிச்சித்திரம் என்று இரண்டு ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது. அந்த நீட்டலும் வளைவும் எந்த லென்ஸிலும் கிடைக்காது. பழகிய மனிதரைப் பார்த்துப் பார்த்துக் கை எடுத்துக்கொண்ட உரிமை அது.

இதனாலேயே போட்டோவை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் முகங்களைப் பெரிதாக்கினார்கள். ஆனால் கன்னத்தில் ரோஸும் நிழலில் நீலமும் பச்சையும் வைக்கும் தைரியத்தை எந்த ஸ்டில்லும் அவர்களுக்குத் தரவில்லை. போட்டோ அவர்களுக்கு அளவைக் கொடுத்தது, அவ்வளவுதான். இன்று நம் இதழுக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் போட்டோவே நிறத்தையும் முடிவு செய்கிறது, படத்தை எங்கே வெட்டுவது என்பதையும் முடிவு செய்கிறது. மாடலை உட்காரவைத்து வரைந்து பழகி, கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்களும் இதைச் செய்வதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மாடலுக்குக் காசு கொடுத்து மாளாது, சொந்தக்காரர்கள் பத்து நிமிடம் அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் நியாயமான பேச்சு. அசையட்டும். அசைந்தால்தான் எந்த நிலை அவருடையது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

அடுத்த இதழிலிருந்து உருவப்படங்களின் கீழ் ஊடகம், அளவு ஆகியவற்றோடு இன்னொரு வரியும் அச்சாகும்: நேரில் எத்தனை அமர்வு, போட்டோ பயன்பட்டதா. போட்டோ என்றால் படத்தை நிராகரிக்க மாட்டோம். படம் அனுப்பும்போது அந்த விவரத்தையும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.