20 டாஸ் தோத்தாச்சு, 21-வது கண்டிப்பா நமக்குத்தானா? நிகழ்தகவு சொல்லும் பதில்!

2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தொடங்கி, இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 20 முறை டாஸில் தோற்றது ஞாபகம் இருக்கா? 2025 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் கே.எல்.ராகுல் டாஸ் ஜெயித்தபோது, மேட்ச்சையே ஜெயித்த மாதிரி இருந்தது. 'இத்தனை தடவை தோத்தாச்சு, இந்தத் தடவை நமக்குத்தான்' என்று அன்றைக்கு நம்மில் பலர் நினைத்திருப்போம்.

கணக்குப்படி அந்த நினைப்பு தப்பு.

இரண்டு கேள்வி, இரண்டு பதில்

ஒரு டாஸில் தோற்க வாய்ப்பு 2-ல் 1. அடுத்தடுத்து இரண்டிலும் தோற்க 4-ல் 1. மூன்றிலும் தோற்க 8-ல் 1. இப்படியே போனால், 20 டாஸிலும் தோற்க வாய்ப்பு 10,48,576-ல் 1.

ஆனால் இது முதல் டாஸுக்கு முன்னால் கேட்கிற கேள்விக்கான பதில். 20 டாஸ் முடிந்த பிறகு 21-வதைப் பற்றிக் கேட்டால், பதில் மறுபடியும் 2-ல் 1தான். போன மேட்ச்சில் என்ன விழுந்தது என்று நாணயத்துக்குத் தெரியாது. கணக்கில் இதற்குச் சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று பெயர்.

பணம் போட்டால் என்ன ஆகும்?

டாஸ் விஷயத்தில் இப்படித் தப்பாக நினைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பணம் கட்டி ஆடும்போதுதான் சிக்கல்.

ஒரு பகடை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் கட்டி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அதே எண் விழுந்தால் 500 ரூபாய் கையில் கிடைக்கும். '100 போட்டா 500' என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். 60 தடவை ஆடிப் பாருங்கள். கட்டியது 6,000 ரூபாய். ஆறில் ஒரு வாய்ப்பு என்பதால், சராசரியாக 10 தடவை ஜெயிப்பீர்கள். வருவது 5,000 ரூபாய். மீதி 1,000 ஆட்டத்தை நடத்துகிறவருக்கு. அவர் ஏமாற்றவே வேண்டியதில்லை, நாம் தொடர்ந்து ஆடினாலே போதும்.

இதில் 'விட்டதைப் பிடிக்கணும்' என்ற எண்ணம் சேர்ந்தால் இன்னும் மோசம். பத்து தடவை தோற்றவருக்கும் முதல் தடவை ஆடுபவருக்கும் அடுத்த ஆட்டத்தில் அதே ஆறில் ஒரு வாய்ப்புதான். தோற்றவர் 100-க்குப் பதில் 1,000 கட்டினால், நஷ்டம்தான் பத்து மடங்கு வேகமாக ஏறும்.

வகுப்பறையில் சொல்ல வேண்டியது

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-லேயே தடை செய்யப்பட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் அவசியம். ஆனால் 'அடுத்தது நமக்குத்தான்' என்ற நினைப்பைச் சட்டத்தால் தடுக்க முடியாது.

அதைச் செய்யக்கூடிய பாடம் ஏற்கெனவே 9, 10-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பையில் இருந்து சிவப்புப் பந்து எடுக்கும் கணக்கோடு, மேலே பார்த்த 1,000 ரூபாய் கணக்கையும் ஒரு பீரியட் போட்டுக் காட்டலாம். பரீட்சைக்கு இரண்டு மார்க் வருகிறதோ இல்லையோ, கையில் போன் வைத்திருக்கும் ஒரு மாணவரின் பணத்தை அது காப்பாற்றும். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி, தங்கை இருந்தால், இன்றைக்கே ஒரு நாணயத்தைச் சுண்டி ஆரம்பியுங்கள்!