எண்ணிக்கையைக் குறைத்தது யார்?

திருவண்ணாமலை என்றதும் தீபம் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை. தென்திருப்பதி என்று புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சனம் மலையேறுகிற ஊர். இங்கிருந்து இராசபாளையம் வரைக்கும் காலையில் ரோட்டோரம் நின்று பாருங்கள். மெட்ரிக்குலேஷன் வேன்கள் ஊர்த்தெருப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சேரிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றியப் பள்ளிக்கு நடக்கும்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆசிரியர் உபரி என்கிறார்கள் அதிகாரிகள். யார் குறைந்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். போனது ஊர்க்காரன் பிள்ளை. இங்கிலீஷ் மோகம்னு சொல்றாங்க. இருக்கட்டும். அதுக்கு முந்தியே எங்க பிள்ளை பக்கத்துல உட்காரக் கூடாதுங்கிற மோகம் இருந்துச்சே, அதை எந்தப் பதிவேட்டுல எழுதுனாங்க? சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் 2022இல் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, பள்ளிக்குப் போகிற எங்க பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தான் கடைக்காரன். கரூர் வேலஞ்செட்டியூரில் 2023இல் தலித் பெண் சமைத்த காலை உணவை எங்கள் பிள்ளைகள் தின்னாது என்றார்கள் பெற்றோர். கலெக்டரே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. இவங்கதான் பள்ளியை விட்டு ஓடுறவங்க.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒருத்தர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போயிட்டா, ஒண்ணாப்பு முதல் அஞ்சாப்பு வரை ஒரே அறை, ஒரே கரும்பலகை. இதைப் பார்த்த தகப்பன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகாமல் என்ன செய்வான்?

அதே சட்டம் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்கிறது. கட்டணத்தை அரசு கட்டும். எங்க சனத்திலும் சிலர் அதில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரசே காசு கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு எண்ணிக்கை குறைவு என்று ஆசிரியரையும் பணிநிரவலில் தூக்குவது என்ன நியாயம்?

1953இல் ராஜாஜி அரை நேரப் பள்ளி கொண்டுவந்தார். குலத்தொழில் என்று அன்று ஊரே கொதித்தது. 1954இல் காமராசர் அதை ஒழித்தார். அவர் பிறந்த மாவட்டத்தில்தான் இன்றைக்கு முழு நேரப் பள்ளியில் அரை ஆசிரியரோடு எங்க பிள்ளைகள் படிக்குது. இதற்குக் கொதிக்க ஆளில்லை.

அரசு ஊழியர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. இங்கே எந்த ஆசிரியர் சங்கம் அப்படிக் கேட்கும்?

பத்துப் பிள்ளை இருந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று ஆணை போடட்டும். செலவு எங்கே என்பவர்கள், தனியார் பள்ளிகளுக்குக் கட்டிய 25 சதவீதக் கணக்கை முதலில் எடுத்து வரட்டும்.