கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

பழைய அம்பாஸடரோ பத்மினியோ இழுவையில்லாமல் திக்கித் திக்கிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தால், பெரும்பாலான இடங்களில் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர்தான். கழுவி, ஜெட்டுகளை ஊதி, புது கிட் போட்டுப் பூட்டி அனுப்புகிறோம். சில நாள் ஓடிவிட்டு வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது. இம்முறை ஜெட்டுக்குள் கம்பி விடப்படுகிறது. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். கம்பி ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரு பழுதோடு வந்த வண்டி இரண்டு பழுதோடு போகிறது. இந்த வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஓட்டியவரிடம் கேட்க வேண்டியவை உள்ளன. காலையில் எடுத்ததும் திக்குகிறதா, சூடேறிய பிறகா? ஏற்றத்திலா, சமதளத்தில் சீராகப் போகும்போதா? சட்டென்று அறுந்து மறுகணமே பிடித்துக்கொள்கிறதா, மெல்ல மெல்லச் சோர்ந்து இறங்குகிறதா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பாதி வேலையை முடித்துவிடும். மின்சாரம் விட்டுப்போனால் எஞ்சின் அந்த நொடியே வெட்டும். பெட்ரோல் வரத்து குறைந்தால் ஃப்ளோட் அறையில் இருப்பது தீரும்வரை ஓடி, அப்புறம்தான் தளரும்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடித் தளர்ந்து நின்று, ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும் வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான். கண்டன்சரோ காயிலோ சூட்டில் செயலிழந்தாலும் இப்படித்தான். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றை உள்ளிழுத்தால் விடை கிடைத்துவிட்டது. இழுக்கவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். ஆனால் வண்டி திக்கும் அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். பட்டறையில் ஆறிய எஞ்சினில் நீலமாக, சுளீரென்று அடிக்கும் ஸ்பார்க் எதையும் நிரூபிப்பதில்லை. கூடவே ஓட்டிப் போய், திக்கும் இடத்திலேயே பானெட்டைத் திறந்து பார்ப்பதற்குச் சோம்பல்படக் கூடாது.

டெல்கோ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. அம்பாஸடரின் லூகாஸ் டெல்கோவில் பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தௌ. இதை எல்லோரும் வைக்கிறோம். பாயிண்ட் தாங்கும் தட்டையும் டெல்கோ உடம்பையும் இணைக்கும் மெல்லிய எர்த் பின்னலை எத்தனை பேர் பார்க்கிறோம்? வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு அசைகிறது. ஆண்டுக்கணக்கில் அசைந்து அசைந்து, அந்தப் பின்னலோ பாயிண்டுக்குப் போகும் ஒயரோ உறைக்குள்ளேயே அறுந்து நிற்கும். வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். ஐடிலில் எஞ்சின் அழகாக ஓடும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீரான வேகத்தில் போகும்போது மிஸ் அடிக்கும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் மறைந்தால் கோளாறு அந்தத் தட்டில்தான். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனை கார்புரேட்டர்கள் வீணாகக் கழற்றப்பட்டிருக்கும்!

காயில் மாற்றும்போதும் ஒரு தவறு நடக்கிறது. பாலாஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்குப் பிரைமரி 3 ஓம் அளவுள்ள காயில் வேண்டும். பாலாஸ்டோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை அதில் மாட்டினால் காயிலும் கொதிக்கும், பாயிண்டும் கருகும். குறை அப்போது தெரியாது. வாரம் கழித்து வெயிலில் தெரியும். மீட்டரில் ஒரு நிமிட வேலை இது. இப்போது சந்தையில் கிடைக்கும் ரோட்டர்களிலும் கண்டன்சர்களிலும் தரமற்றவை நிறைய. ரோட்டரின் ரிவெட் வழியாக ஸ்பார்க் கசிந்து ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். ‘புதுசு போட்டாச்சு, அது இருக்காது’ என்று ஒதுக்குவதைவிட, சரியாக ஓடிய பழையதை மறுபடி மாட்டிப் பார்ப்பது அறிவு.

இனி நம் காலத்துக் கோளாறுக்கு வருவோம். நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. வெறும் பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலப்புக்கு அது ஏறத்தாழ 13.5. வெறும் பெட்ரோலுக்காக ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. ஆகவே பழைய வண்டிகள் ஏழெட்டு சதவீதம் மெலிந்த கலவையில் ஓடுகின்றன. பாதி மிதியில் தயக்கம், கார்புரேட்டர் வழியாகத் துப்பல், வெளுத்த பிளக் முனை ஆகியவை அதன் அடையாளங்கள். பற்றவைப்பும் பெட்ரோல் வரத்தும் சரியென்று உறுதியான பிறகு, மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுவது இங்கே நியாயமான சிகிச்சை. 115க்குப் பதில் 120 போட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். ஏற்றியபின் பிளக்கைப் படித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

எத்தனால் இன்னொன்றும் செய்கிறது. டேங்கின் உட்புறம் பல்லாண்டுகளாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் நிரப்புகிறது. பழைய ரப்பர் ஹோஸையும் ஏசி பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. ஹோஸ் உள்பக்கமாக உரிந்து நாக்குபோல் தொங்கி வரத்தை அடைப்பதுண்டு. ஐடிலுக்கு வேண்டிய பெட்ரோல் அதில் கசிந்து வந்துவிடும். ஏற்காடு ஏற்றத்துக்கு வேண்டியது வராது. கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, தீக்கு வழியில்லாமல் காயில் ஒயரை விடுவித்து, பாட்டிலில் பிடித்து கிராங்க் செய்து வரத்தைப் பாருங்கள். ஹோஸ் மாற்றுவதானால் எத்தனாலைத் தாங்கும் ரகம்தான் என்று கேட்டு வாங்குங்கள். கசியும் ஹோஸ் இழுவைப் பிரச்சினையோடு நிற்காது, வண்டியையே எரித்துவிடும்.

திக்கல் இல்லை, இழுவை மட்டும் இல்லை என்றால் டைமிங் லைட்டைக் கையில் எடுங்கள். டெல்கோவுக்குள் அட்வான்ஸ் எடைக்கட்டிகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஐடிலில் டைமிங் சரியாகவே காட்டும். ஆர்பிஎம் ஏற்றும்போது குறி நகராது. அப்புறம் கம்ப்ரஷன், டாப்பெட். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்காகச் செய்த வால்வ் சீட்டுகள் தேயும்போது டாப்பெட் இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வ் முழுதாக அமராமல் போகும். அம்பாஸடருக்கு 15 தௌ என்பதை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஊட்டிக்குப் போனால் இழுவை குறைகிறது என்று ஒருவர் சொன்னால், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று விளக்கி அனுப்புங்கள். அதற்காக எதையும் திருகாதீர்கள்.

இந்த வண்டிகளில் பலவற்றுக்கு இனி அசல் உதிரிபாகம் வராது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குச் சரியான ஜெட்டும் டெல்கோவும் தேடி அலைபவர்களுக்கு இது தெரியும். எனவே பட்டறைகளிடம் இந்த இதழ் ஒன்று கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் இருந்த ஜெட் எண், பாயிண்ட் இடைவெளி, டைமிங், கம்ப்ரஷன் அளவு, எந்த நிலையில் திக்கியது என்ற விவரம் ஆகியவற்றை ஜாப் கார்டில் எழுதி ஒரு படியை உரிமையாளரிடம் கொடுங்கள். கழற்றிய அசல் பாகத்தையும் பொட்டலம் கட்டி அவரிடமே சேர்த்துவிடுங்கள்.